வீட்டோடு கடல் தாண்ட முடியுமா?

நாலைந்து மாதத்துக்கு முன்னால் செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் டிராவல்ஸ் வண்டி ஓட்டியவர். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, மடக்குக் கட்டில், ஒற்றை பர்னர் அடுப்பு, தண்ணீர் டேங்க், கூரையில் சோலார் பேனல் என்று இரண்டு வருடமாக அதை ஒரு வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நம்ம ஊரில் இதற்குச் சரியான பெயர் கிடையாது. 'கேரவன்' என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டி என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். அண்ணன் முதல் தடவை இதை ஈ.சி.ஆரில் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியபோது நாலு பையன்கள் ஓடிவந்து, "உள்ள யாருண்ணா இருக்காங்க?" என்று கேட்டார்களாம். உள்ளே அண்ணி உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீதான் கண்டதையும் படிக்கிற ஆளாச்சே. இந்த வண்டிய சிலோனுக்கு ஓட்டிக்கிட்டுப் போவ முடியுமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்பது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய், நம்ம மாமல்லபுரம் கடற்கரை ஒரு காலத்தில் இந்த மாதிரி வண்டிகளின் பாதையில் இருந்தது என்ற விஷயத்தில் போய் நின்றேன்.

முதலில் வண்டிகள் எப்படி இங்கே வந்தன என்று பார்ப்போம். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு ஐரோப்பாவில் சின்ன வேன்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. 1950இல் ஃபோக்ஸ்வாகன் வேன் சந்தைக்கு வந்தது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் வேனின் கூரையைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி செய்து 'டார்மொபைல்' என்று விற்றார்கள். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். 1957 ஏப்ரல் 15ஆம் தேதி 'இந்தியாமேன்' என்ற பஸ் இருபது பயணிகளோடு லண்டன் விக்டோரியாவிலிருந்து புறப்பட்டு ஜூன் 5ஆம் தேதி கல்கத்தா வந்தது. போக 85 பவுண்டு, திரும்பி வர 65. ஆக 1950களின் கடைசியிலேயே ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழியாக வண்டியில் வரலாம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சேதியாகிவிட்டது. இஸ்தான்புல், எர்ஸுரும், தப்ரீஸ், தெஹ்ரான், மஷ்ஹத், ஹெராத், காந்தஹார், காபூல், கைபர் கணவாய், லாகூர், அமிர்தசரஸ். இதுதான் பாதை. ஹிப்பிகள் வந்த பாதை என்று பின்னால் பெயராகிவிட்டது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஹிப்பிகள் இல்லை. பாதிப்பேர் லண்டனில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தரைவழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீடு திரும்புகிறவர்களுக்குத்தான் சென்னை முக்கியம். ஏன்? ஆக்ஸ்போர்டு மாணவர்கள் அஸ்ஸாம் வழியாக பர்மாவுக்குள் ஓட்டிக்கொண்டே போனார்கள். 1962 மார்ச்சில் நீ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவின் தரை எல்லை இந்த மாதிரிப் பயணிகளுக்கு மூடிப்போயிற்று. அதற்கப்புறம் இந்தியாவைத் தாண்டி வண்டியோடு கிழக்கே போக வேண்டும் என்றால் கப்பல்தான். கப்பல் எங்கே? மெட்ராஸ் துறைமுகத்தில்.

அந்தக் கப்பல் நம்ம ஆட்களுக்கு மிகவும் வேண்டப்பட்ட கப்பல். 'ரஜூலா'. 1926இல் கட்டியது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடியது. மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள், சிங்கப்பூரில் கடை வைத்தவர்கள், பச்சைக்கலர் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் ஏறிய கப்பல். கட்டியபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்ததாம். நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. அதே கப்பலின் சரக்கறைக்குள்தான் கிரேனில் வடம் கட்டி, தூசி படிந்த ஃபோக்ஸ்வாகன் வேன்களையும் இறக்கினார்கள். 1973இல் ரஜூலா ஓய்ந்தது. அதன் இடத்துக்கு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கிய சொகுசுக் கப்பல்.

கப்பல் ஒன்று, போய்த் திரும்ப வாரக்கணக்கு. டிக்கெட் கிடைக்க வேண்டும், சுங்கத்தில் வேலை முடிய வேண்டும். அதுவரை வண்டியில் குடியிருப்பவன் மெட்ராஸ் வெயிலில் எங்கே நிறுத்துவான்? ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தெற்கே வந்தால் மாமல்லபுரம். கோவில், கடல், மீன், சவுக்குத்தோப்பு நிழல். அப்போது ஈ.சி.ஆர். கிடையாது, அது 1990களின் கடைசியில்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. மெட்ராஸிலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக வருவார்கள். பெங்களூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து வருகிறவர்கள் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குக் கழுகு வந்து பிரசாதம் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு மாமல்லபுரம் போவார்கள். (அந்தக் கழுகுகள் இப்போது வருவதில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

ஒத்தவாடைத் தெருவில் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயதில் கடற்கரையில் இளநீர் விற்றவர். "டப்பா வண்டின்னு சொல்லுவோம் நாங்க. பின்னாடி கதவத் தொறந்தா கட்டில், ஸ்டவ்வு, தொட்டில்ல கொழந்த. எங்க வூட்ட விட நல்லாருக்கும்" என்றார். குழந்தைக்குப் பால் கேட்டு ஒரு வெள்ளைக்காரம்மா தினமும் அவர் வீட்டுக்கு வருமாம். ஒருநாள் காலையில் பார்த்தால் வண்டி இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்ததாம். "கப்பல் வந்திருக்கும்" என்றார், என்னவோ நேற்று நடந்த மாதிரி.

இங்கே ஒரு சின்ன விலகல். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் இருக்கின்றன இல்லையா, அவற்றில் திரௌபதி ரதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது அப்படியே ஒரு கூரைக் குடிசை. வீட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், பெயர் மட்டும் ரதம். அந்தப் பெயர்களெல்லாம் பின்னால் வந்தவை, பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் வண்டிக்குள் குடியிருந்தவர்கள் தங்கள் வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்காமலா போயிருப்பார்கள்?

சரி, இந்த வண்டிகள் எப்படிச் சுங்கத்தைத் தாண்டின? அண்ணனுடைய கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வண்டி இன்னொரு நாட்டுக்குள் நுழைந்தால் சட்டப்படி அது இறக்குமதி. இறக்குமதி என்றால் வரி கட்ட வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவன் எல்லையில் வண்டி விலைக்கு மேல் வரி கட்டிவிட்டு, போகும்போது திரும்ப வாங்கிக்கொண்டு போவது நடக்கிற காரியமா? அதே நேரம், வரி கேட்காமல் உள்ளே விட்டால் அவன் வண்டியை விற்றுவிட்டு விமானத்தில் பறந்துவிடுவான். இந்தச் சிக்கலை அரசாங்கங்கள் தீர்க்கவில்லை, மோட்டார் சங்கங்கள் தீர்த்தன. "இந்த ஆள் எங்கள் உறுப்பினர். இவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை என்றால் வரியை நாங்கள் கட்டுகிறோம்" என்று சங்கம் ஜாமீன் கையெழுத்துப் போட்டது. முதலில் ஒரு நாட்டுக்கு மட்டும் செல்லும் 'ட்ரிப்டிக்' என்ற தாள் இருந்தது. பிறகு பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் வந்தது. அதன் பெயர் 'கார்னே தெ பசாஜ்', சுருக்கமாகக் கார்னே. 1954இல் நியூயார்க்கில் போட்ட ஒப்பந்தம் இதற்குச் சர்வதேச அளவில் ஒரு வடிவம் கொடுத்தது.

பார்க்கச் செக் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது அங்கிருக்கும் அதிகாரி இன்னொன்றைக் கிழிப்பார். மூன்றாவது துண்டு இரண்டு முத்திரையோடு புத்தகத்திலேயே தங்கிவிடும். அந்த இரண்டாவது முத்திரைதான் உயிர். அதை வாங்க மறந்தால், அந்த நாட்டுக் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் அங்கேயே நிற்கிறது. வருடம் கழித்து ஜாமீன் போட்ட சங்கத்துக்கு நோட்டீஸ் போகும். சங்கம் உங்கள் பணத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் கார்னே கொடுக்கும்போதே வங்கி உத்தரவாதமோ வைப்புத்தொகையோ கேட்கிறார்கள். சில நாடுகளுக்கு அது வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். பழைய வண்டியாக இருந்தால் தொகை குறையும். ஆகவே ஓட்டை வண்டியில் போகிறவன் புத்திசாலி.

அந்தக் காலத்து இந்தியாவில் இது இன்னும் இறுக்கம். வெளிநாட்டு வண்டி இறக்குமதியே கிட்டத்தட்ட முடியாத காரியம், அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் வருடக்கணக்கில் வரிசையில் நின்ற காலம். ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனை ரகசியமாக விற்றால் நல்ல காசு. அதனால் பாஸ்போர்ட்டிலேயே வண்டியைக் குறித்து வைப்பார்கள். வண்டியில்லாமல் ஆள் மட்டும் நாட்டைவிட்டுப் போக முடியாது. இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் காபூலில் வண்டியை விற்றுவிட்டுப் பஸ் பிடித்தார்கள். லோன்லி பிளானட் ஆரம்பித்த டோனி வீலரும் மௌரீனும் 1972இல் 65 பவுண்டுக்கு வாங்கிய பழைய மினி வேனில் லண்டனிலிருந்து கிளம்பி, காபூலில் விற்றவர்கள்தான். கார்னே வைத்திருந்தவர்கள் மட்டும் மெட்ராஸ் வரை வந்து கிரேனில் வண்டியை ஏற்றினார்கள்.

சங்கம் ஜாமீன் நிற்பது என்றதும் எனக்குத் தக்குவாபா கல்வெட்டு ஞாபகம் வந்தது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அங்கே வெட்டிய அவனிநாரணம் என்ற குளம் மணிக்கிராமத்தார் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டம். மணிக்கிராமம் வணிகர் சங்கம். கடலுக்கு அந்தப் பக்கம் போனவனுக்கு ராஜாவைவிடச் சங்கம்தான் பக்கத்தில் இருந்தது. மோட்டார் சங்கத்தை மணிக்கிராமத்தோடு ஒப்பிடுவது அதிகப்படி என்று தொல்லியல் நண்பர் ஒருவர் திட்டினார். திட்டட்டும். தெரியாத ஊரில் உனக்காகப் பேச ஒரு சங்கம் இருப்பது அன்றும் இன்றும் ஒரே விஷயம்தான்.

நம்மிடமும் சங்கம் இல்லாமல் இல்லை. சென்னையில் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தின் வேர் 1905க்குப் போகிறது. இலங்கைச் சங்கம் அதற்கு ஒரு வருடம் மூத்தது, 1904. இன்று இந்தியர் ஒருவர் கார்னே வாங்க வேண்டுமானால் மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தைத்தான் நாடுகிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். வண்டியின் பின்னால் முட்டை வடிவத்தில் ஐ.என்.டி. என்று மூன்றெழுத்து ஒட்ட வேண்டும். அண்ணன் மாதிரி உள்ளே மாற்றிக் கட்டிய வண்டி என்றால் அந்த மாற்றமும் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். இது பலரும் கோட்டை விடுகிற இடம். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டது நம் வீட்டு விஷயம் என்று நினைத்துக்கொள்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. அண்ணன் டிராவல்ஸ்காரர், அதை முதல் வேலையாக முடித்துவிட்டார்.

அப்படியானால் எங்கெல்லாம் போகலாம்? நேபாளத்துக்குக் கார்னே வேண்டாம், எல்லையில் நாள் கணக்கில் பணம் கட்டி அனுமதி வாங்கிக்கொண்டு ஓட்டலாம். பூட்டானும் கிட்டத்தட்ட அப்படித்தான், அனுமதிச் சீட்டுதான் வேறு. முதல் தடவை எல்லை தாண்டுகிறவர்களுக்கு நான் நேபாளத்தைத்தான் சொல்வேன். மேற்கே வாய்ப்பில்லை. அட்டாரி 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. அதற்கு முன்னாலும் நம் வண்டி அந்தப் பக்கம் போவது அபூர்வம்தான். கிழக்கே மியான்மர் கொஞ்ச காலம் திறந்தது. 2017இல் கோயம்புத்தூரிலிருந்து மூன்று பெண்கள் டாடா ஹெக்ஸாவில் அந்த வழியாகத்தான் லண்டன் வரை ஓட்டிப் போனார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அதுவும் போயிற்று.

பழைய பாதை மூடிய கதையும் இதேபோலத்தான். 1979இல் ஈரானில் புரட்சி. அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. மேற்குக் கதவு அடைந்தது. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரும்போது நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் செத்துப்போனார்கள். அத்தோடு சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பலே நின்றுபோயிற்று. அதற்கு முந்தைய வருடம்தான், 1984இல், மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருந்தது. வெளிநாட்டுப் பயணிகள் அதற்குப் பிறகு நிறைய வந்தார்கள், ஆனால் விமானத்தில்.

இந்தக் கதையையெல்லாம் அண்ணனிடம் அவர் வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னேன். அண்ணி வெறும் டீ போட்டார். பால் இல்லாத டீ, தனியாக ஒரு துண்டு வெல்லம். தோட்டத்துப் பழக்கம்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பேசிக்கொள்வது. 1974இல் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நூறு வருடமாக மலையில் கொழுந்து பறித்தவர்களை இப்படி எண்ணிப் பங்குபோட்டதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அண்ணனுக்கு அப்போது பத்து வயது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி தலைமன்னார், அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அவருடைய அக்கா கல்யாணமாகி அந்தப் பக்கக் கணக்கில் இருந்ததால் வரவில்லை. இன்றைக்கும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். இத்தனை வருடத்தில் அண்ணன் போனது ஒரே தடவை, விமானத்தில், நாலு நாள்.

கார்னே பற்றி நான் விளக்கியதை எல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "வண்டிய அனுப்புனா கண்டிப்பா திரும்பி வரணும்னு கேரண்டி கேக்குறாங்க. எங்கள அனுப்புனப்ப திரும்பி வரவே கூடாதுன்னுல்ல தம்பி சீல் குத்துனாங்க."

நான் என்ன பதில் சொல்ல? டீயைக் குடித்தேன்.

இலங்கைக்குக் கார்னே செல்லும். காகிதத்தில் தடை இல்லை. தடை கடல்தான். தனுஷ்கோடித் துறையை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோயிற்று. ராமேஸ்வரம் கப்பல் 1980களின் நடுவில் போரோடு நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். ஆனால் அதில் ஆள் ஏறலாம், வண்டி ஏறாது. வண்டி போக வேண்டுமானால் சரக்குக் கப்பலில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். டெம்போ டிராவலர் சாதாரணக் கன்டெய்னருக்குள் நுழையாத உயரம். வேறு விதமாக ஏற்ற வேண்டும், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. துறைமுகக் கட்டணம், ஏஜென்ட் கூலி, ஜாமீன் தொகை எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உங்க அக்காவுக்கு அங்க ஒரு வீடே கட்டிக் குடுத்துறலாம்" என்றார்.

அண்ணன் அந்தத் தாளை மடித்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை.

போன வாரம் போன் பண்ணினார். வண்டியில் நாகப்பட்டினம் வரை போகப் போகிறார்களாம், அண்ணியும் அவரும். வழியில் மாமல்லபுரம், மரக்காணம், பிச்சாவரம் என்று நின்று நின்று. நாகையில் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் வண்டியை விட்டுவிட்டு, கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து பஸ்ஸும் ரயிலுமாக ஹட்டன். ஒரு மாதம் அக்கா வீட்டில்.

"ஐ.என்.டி. ஸ்டிக்கர் ஒட்டிட்டேன் தம்பி, போன மாசமே பிரிண்ட் பண்ணது. நாகப்பட்டினத்துக்கு அது எதுக்குன்னு உங்க அண்ணி கேக்குறா. இருக்கட்டுமே, என்ன இப்ப?"